நூற்றுப் பதினாறு புள்ளி ரெண்டு

“நாலாம் நாற்காலிப் பக்கம் போயிடாத. அந்தம்மா வந்தாச்சு.”

வாளியைத் தூக்கிக்கொண்டு போன ஆயா, எதிரே துடைப்பத்தோடு வந்த இன்னொரு ஆயாவிடம் போகிற போக்கில் சொன்னது இது. அந்த ஆஸ்பத்திரிக்கு முதல் தடவையாக வந்திருந்த இளம் தாயின் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன செய்ய? மூன்று வயது மகன் அவள் தோளில் தூங்கிப்போயிருந்தான். கை மரத்துவிட்டது. குழந்தைகள் வளர்ச்சிப் பிரிவின் காத்திருக்கும் கூடத்தில் காலியாக இருந்தது ஐந்தாம் நாற்காலி ஒன்றுதான்.

நாற்காலிகள் எல்லாம் ஒரே இரும்புக் கம்பியில் திருகப்பட்டிருந்தன. அவள் உட்கார்ந்ததும் நாலாம் நாற்காலி ஆடியது. அதில் இருந்த பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கும். மடியில் ரப்பர் பேண்ட் போட்ட தடித்த ஃபைல், காலடியில் ஒரு ஐஸ் பை. அவளுக்கு அந்தப் பக்கம், மூன்றாம் நாற்காலியில், முடியை விரித்துப்போட்ட ஒரு சிறுமி தரையில் கால் எட்டாமல் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். பெண்மணி திரும்பிப் பார்த்தாள். ஏற்கெனவே யாரிடமோ பேசிக்கொண்டிருந்த பேச்சை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

“…அதத்தான் நானும் கேக்கறேன். மெஷின்னா தப்பே பண்ணாதா? வீட்டுல மிக்ஸி தப்பு பண்ணுது, ரோட்டுல சிக்னல் தப்பு பண்ணுது, இவங்க செவுத்துல ஸ்க்ரூ அடிச்சு மாட்டி வெச்சிருக்கற கட்டை மட்டும் தப்பே பண்ணாதாம். உக்காருங்க, உக்காருங்க. பைய இப்படிக் குடுங்க. பையனா? தூங்கட்டும் பாவம். உங்களுக்கு முன்னாடி இங்க ஒரு சார் உக்காந்திருந்தாரு. டீ குடிச்சிட்டு வரேன்னு போனாரு, முக்கா மணி நேரமாச்சு. தேயிலை பறிக்கவே போயிட்டாரு போல.

“மொத தடவையா? ஃபைல் புதுசா இருக்கே, அதான் கேட்டேன். எங்க ஃபைலப் பாருங்க. இத வெச்சு ஒருத்தன அடிச்சா செத்துருவான். உங்களுக்கு என்ன பேரு சொன்னாங்க? … ம்ம். ம்ம். அது வேற. அந்த வியாதிக்காரங்க செவ்வாக்கிழமையும் வருவாங்க, பாத்திருக்கேன். எல்லாருக்கும் கடைசில இதே கதவுதான்.

“எங்களுதுக்கு யாரோ ஒரு டாக்டர் பேராம். வாயில நுழையாது. அந்த மகராசன் கண்டுபுடிச்சாரு, தன் பேர வெச்சாரு, போயிட்டாரு. இவளுக்குப் பேரு வெக்க நாங்க நாலு மாசம் சண்ட போட்டோம். அவரு ஒரே நாள்ல உலகத்துல இருக்கற இந்த மாதிரிப் பொண்ணுங்க அத்தன பேருக்கும் சேத்து வெச்சுட்டாரு. விசயம் என்னன்னா, பொண்ணாப் பொறந்தா உடம்புக்குள்ள ரெண்டு இருக்கணுமாம். குரோமோசோம். இவளுக்கு ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்கன்னு கேட்டா டாக்டர் கைய விரிக்கறாரு. யார் மேலயும் தப்பில்ல, தற்செயல்னாரு. எங்க மாமியாருக்குத் தற்செயல்னா புடிக்காது. ‘எங்க வம்சத்துல எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு இருக்கு’ன்னாங்க. ஒவ்வொருத்தரா நிக்க வெச்சு எண்ணிப் பாத்த மாதிரி.

“புத்தி எல்லாம் கத்தி. அதுல ஒரு கொறையும் இல்ல. ஒயரம்தான். பத்து வயசு ஆவுது, பாத்தா ஆறுன்னு சொல்லுவீங்க. பஸ்ஸுல ஏறுனா நாலு பேரு மடில உக்கார வெச்சுக்கக் கூப்புடுறாங்க. இவ ‘நான் அஞ்சாங்கிளாஸ், தேங்க்ஸ்’ங்கறா. ஸ்கூல்ல கூடப் படிக்கறதுங்க இவள இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு ஓடுதுங்க. வெளாட்டுக்காம். கிளாஸ்ல பை மாட்ற ஆணி எட்டாது. டீச்சர்கிட்ட போயி, கொஞ்சம் கீழ ஒரு ஆணி அடிங்கன்னேன். செவுரு எங்களுது இல்ல, நிர்வாகத்துக்கு எழுதணும்னாங்க. எழுதுனேன். ஒரு ஆணிக்கு ஒன்றரைப் பக்கம். எழுதறதுக்கு நான் அஞ்சவே மாட்டேன்…”

“அம்மா,” என்றாள் சிறுமி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். “அவங்க கேக்கல.”

“கேக்காம எங்க போவாங்க, மடில புள்ள தூங்குது. நீ படி.”

இளம் தாய் சிரித்ததாகவும் இருக்கலாம், சிரிக்காததாகவும் இருக்கலாம் என்கிற மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டாள். யாரையும் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு எழுந்திருக்க அவளுக்கு என்றைக்குமே வந்ததில்லை. கல்லூரியில் படித்த நாளிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் அடுத்த சீட்காரர்களின் குடும்பக் கதை முழுவதும் அவள் தலையில்தான் விடிந்திருக்கிறது. எதிர்ச் சுவரில் ஒரு ஒட்டகச்சிவிங்கியை வரைந்திருந்தார்கள். ஓரமாகத் திரை போட்ட மூலையில், சுவரோடு ஒட்டி, உயரம் பார்க்கும் கட்டை தெரிந்தது.

“அதான். அதேதான். அந்தக் கட்டையத்தான் சொல்றேன். அந்த மேல் பலகை இருக்கே, அத எறக்கித் தலைல வெப்பாங்க. உங்களுக்கும் இன்னிக்கு அதுலதான் கணக்கு ஆரம்பிக்கும். ஊசி போட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எவ்ளோ, ஒரு வருசம் கழிச்சு எவ்ளோ. அந்த வித்தியாசந்தான் இவங்களுக்கு எல்லாம்.

“ஊசி சொன்னாங்களா? வளர்ச்சி ஹார்மோன். பாக்க பேனா மாதிரி இருக்கும், அடில திருகுனா டிக் டிக்குங்கும். தெனம். வாரத்துல ஏழு நாள். ஞாயித்துக்கெழமை வளர்ச்சிக்கு லீவு கெடையாது. படுக்கப் போறதுக்கு முன்னாடி. இன்னிக்கு எடது தொடை, நாளைக்கு வலது தொடை, அப்பறம் வயித்துல இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பயப்படாத, மொத ஒரு வாரம் நீதான் அழுவ, அவன் அழமாட்டான். நீன்னுட்டேன், தப்பா நெனச்சுக்காத. என் தங்கச்சி வயசுதான் இருக்கும் உனக்கு.

“மருந்த ஃபிரிட்ஜுல வெக்கணும். ஃபிரீசர்ல வெச்சியோ, தொலஞ்சுது. எங்க வீட்டுல வெண்ணெய் வெக்கற எடத்துல இப்ப இதான் இருக்கு. வெண்ணெய் வெளியேறி ஒரு வருசமாச்சு. எங்க வீட்டுக்காரரு தண்ணி பாட்டில் எடுக்கணும்னா எங்கிட்டச் சொல்லிட்டுதான் ஃபிரிட்ஜத் தொறக்கணும். ஆளு ஆறடி, நெலப்படில இடிச்சுக்கற ஆளு. பொண்ணுக்கு அதுல கொஞ்சமாவது குடுத்திருக்கலாம். குடுக்கல. ஒரு கல்யாணத்துக்குப் போனோம், ரெண்டு நாள். ஐஸ் பைய நான் கைய விட்டு எறக்கல. ஆல்பம் வந்துச்சு. மாப்ள, பொண்ணு, பக்கத்துல நான், நடுவுல ஐஸ் பை. பொண்ணு வீட்டுக்காரங்க அத சீர்னு நெனச்சுட்டாங்க.

“இந்த ஒரு வருசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் விட்டதில்ல. காலண்டர் கொண்டாந்திருக்கேன் பாரு. பச்சைப் புள்ளி, தொடை. செவப்பு, வயிறு. முன்னூத்தி அறுவத்தஞ்சு புள்ளி. எனக்கு நூத்திரெண்டு ஜுரம் இருந்தப்பவும் எழுந்து போட்டேன். பக்கத்து வீட்டம்மா இந்தக் காலண்டரப் பாத்துட்டு கோலம் போட்ட மாதிரி இருக்குன்னாங்க.

“அப்பேர்ப்பட்ட என்னைப் பாத்து கேக்கறாரு டாக்டர். ஆறு மாசம் கழிச்சு வந்தோம். அளந்தாங்க. நூத்திப்பதினேழு புள்ளி நாலு. மொத நாள் எவ்ளோ? நூத்திப்பதினாறு புள்ளி ரெண்டு. ஆறு மாசத்துக்கு ஒண்ணு புள்ளி ரெண்டு. ஊசி போடாத புள்ளயே அத விட வளரும். ‘ஒழுங்கா போடறீங்களாம்மா?’ன்னாரு. எப்படி இருக்கும் எனக்கு? காலண்டர எடுத்து மேசைல விரிச்சேன். அவரு அத மடிச்சு எங்கிட்டயே குடுத்துட்டாரு. காலண்டர் வளர்றத எல்லாம் அவரு பாக்க மாட்டாராம்.

“இல்ல, நீயே சொல்லு. ஊசி வேல செய்யலைங்கறாங்க. அப்ப யூனிபாரம் பாவாடைய யாரு சுருக்குனது? ரெண்டு தடவ மடிப்பு பிரிச்சு விட்டாச்சு. ஷூ ரெண்டு சைஸ் மாறிடுச்சு. பாத்ரூம் சுவிட்ச இப்ப இவளே போடறா. போன வருசம் ஸ்கேல எடுத்துத் தட்டுவா. இதெல்லாம் கண்ணு முன்னாடி நடக்குது. பேப்பர்ல மட்டும் நடக்கல.

“மொதல்ல மருந்து கம்பெனிமேலதான் சந்தேகம் வந்துச்சு. வேற பேட்ச்சு குடுங்கன்னு நின்னேன், மாத்திக் குடுத்தாங்க. அப்பறம் ஐஸ் பை சரியில்லையோன்னு புதுசு வாங்குனேன். அப்பறம் அந்தக் கட்டை. ரெண்டு பக்கம் லெட்டர் எழுதிக் குடுத்தேன், உங்க கட்டை சாஞ்சிருக்கு, மக்கள ஏமாத்தாதீங்கன்னு. ஒரு ஆளு வந்தாரு, கைல ஒரு மீட்டர் கம்பி வெச்சிருந்தாரு. கட்டைல நிக்க வெச்சாரு. கம்பி சரியா ஒரு மீட்டர் காட்டுச்சு. கம்பி வளராது, அதுகிட்ட சரியா காட்டும், புள்ளைங்ககிட்டதான் தப்பாக் காட்டும்னேன். அந்த ஆளு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு.

“அப்பறம் அந்த நர்ஸு. இப்ப வருவா பாரு, கண்ணாடி போட்டிருப்பா. கறார்னா அப்படி ஒரு கறார். ஷூவக் கழட்டு, சாக்ஸக் கழட்டு, கிளிப்ப எடு, பின்னல அவுரு. குதிகால் செவுத்துல ஒட்டணும், முட்டி வளையக் கூடாது, மோவாயத் தூக்காத. புள்ளய அளக்கறாளா, போலீசுக்கு ஆள் எடுக்கறாளான்னு தெரியாது. மூணு தடவ அளப்பா. மூணும் ஒண்ணா வந்தாத்தான் எழுதுவா. ஒன்பதாம் மாசம் நூத்திப்பத்தொம்பதுன்னு எழுதுனா. ரெண்டு புள்ளி எட்டு வளர்ந்திருக்காளாம். அவ கையப் புடிச்சு, ஒரு ரெண்டு விரக்கட தள்ளி எழுதுனா உனக்கென்ன கொறஞ்சு போவுதுன்னு கேட்டேன். ‘எனக்கு ஒண்ணும் கொறையாதும்மா, உங்க பொண்ணுக்குத்தான்’னா. எனக்கு சுருக்குன்னுச்சு.”

இளம் தாய் மகனை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். அவன் முனகிவிட்டு மறுபடியும் தூங்கினான். ரத்தம் எடுக்கும் அறைக் கதவு திறந்து, கையுறை போட்ட பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சிறுமி புத்தகத்தை நாற்காலியில் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஊன்றிக் கீழே குதித்தாள்.

“நானும் வரேன்,” என்றாள் பெண்மணி.

“வேணாம். நீ வந்தா அந்த அக்காகிட்டயும் பேசுவ. அவங்க கை நடுங்கும்.”

சிறுமி சட்டைக் கையை மடித்துக்கொண்டே போனாள். கதவு சாத்திக்கொண்டது. பெண்மணி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி பேசியபோது குரல் பாதியாக இறங்கியிருந்தது. அதனாலேயே இளம் தாய் முதல் தடவையாக அவள் பக்கம் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது.

“இது எதுக்கு ரத்தம் தெரியுமா? மருந்து உடம்புல ஏறுதான்னு பாக்க. ரெண்டாவது தடவ எடுக்கறாங்க. போன தடவ எடுத்தப்ப நல்லாத்தான் ஏறியிருக்குன்னு வந்துச்சு. எனக்கு சந்தோசம், டாக்டர் இனிமே என்னைச் சந்தேகப்பட முடியாதுல்ல. ஆனா அவரு வேற மாதிரி கணக்குப் போட்டாரு. மருந்தும் போவுது, ரத்தத்துலயும் இருக்கு, ஆனா புள்ள வளரல. அப்ப இந்தப் புள்ள ஒடம்பு இந்த மருந்துக்குக் கேக்கலன்னு. ஒரு கமிட்டி இருக்கு. ஒரு வருசத்துல அஞ்சு சென்டிமீட்டராவது வளர்ந்திருந்தாத்தான் மருந்தத் தொடர்ந்து குடுப்பாங்க. இல்லன்னா நிறுத்திடுவாங்க. வேற புள்ளைக்குக் குடுப்பாங்க. அதுவும் நியாயந்தான், உன் புள்ள மாதிரி எத்தன பேரு வரிசைல இருக்காங்க. இன்னிக்குத்தான் அந்த ஒரு வருசம்.

“நேத்து வீட்டுல அளந்தேன். அந்த நர்ஸு அளக்கற மாதிரியே, குதிகால ஒட்டி, மோவாயப் புடிச்சு. நூத்தியிருவது புள்ளி ஏழு. எத்தன தடவ அளந்தாலும் அதே ஏழு. கழிச்சுப் பாரு. நாலரை.

“அரை சென்டிமீட்டர்ல நிறுத்தப் போறாங்க. இவளுக்கு இன்னும் நாலஞ்சு வருசம் வளர எடம் இருக்காம், கை எலும்பப் படம் எடுத்துப் பாத்தப்ப சொன்னாங்க. எடம் இருக்கு, மருந்துதான் இருக்காது. நிறுத்துனா நின்ன எடத்துல நிக்க வேண்டியதுதான்.”

அவள் ஃபைலின் ரப்பர் பேண்டை இழுத்து விட்டாள். அது சுளீரென்று அடித்தது.

“மொத நாள் நான் தனியா வரல. எங்க வீட்டுக்காரருக்கு டூட்டி. நாத்தனாரத் தொணைக்கு அனுப்புனாங்க. அவ பொண்ணும் எம் பொண்ணும் ஒரு வாரம் வித்தியாசத்துல பொறந்தவங்க. அது தேக்கு மரம் மாதிரி நிக்கும். பொறந்ததுல இருந்து ரெண்டு பேரையும் முதுகோட முதுகு ஒட்டி நிக்க வெச்சுப் பாக்கறதுதான் எங்க வீட்டுல எல்லாருக்கும் பொழுதுபோக்கு. நீ பாத்திருப்ப, எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். ‘சும்மா ஒரு ஆசைக்கு’ம்பாங்க. ஒவ்வொரு தடவையும் எம் பொண்ணு போயி நிப்பா. நான் அடுப்படிக்குள்ள போயிடுவேன்.

“அன்னிக்கு இதே வரிசைல உக்காந்திருந்தோம். நாத்தனார் ஃபோன எடுத்து வெச்சுக்கிட்டா. ‘அண்ணி, ஒயரம் சொன்னதும் அப்படியே குரூப்புல போட்டுடறேன், எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க’ன்னா. எல்லாரும்னா, எங்க குடும்பக் குரூப்பு, நாப்பத்தோரு பேரு. அப்பறம் தானாவே சொல்லிக்கறா, ‘நூத்திப்பத்து இருப்பாளா அண்ணி? இருந்தாச் சரி’ன்னு. அந்த ‘இருந்தாச் சரி’ இருக்கே…

“இவள பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு போனேன். இவளுக்கு எப்பவும் முடிய விரிச்சுதான் விடுவேன். இந்த வியாதில கழுத்து கொஞ்சம் அகலமா இருக்கும், ரெண்டு பக்கமும் தோல் இழுத்த மாதிரி. யாரும் பாக்கக் கூடாதுன்னு. ஒன்பது வருசமா மூடி வெச்ச கழுத்து அது. அன்னிக்கு அதப் பத்தி நெனைக்கவே இல்ல. எல்லா முடியையும் வாரித் தூக்கி உச்சந்தலைல வெச்சு, இறுக்கி, பதினொரு ஹேர்பின் குத்துனேன். கொண்டை. கல்லு மாதிரி. மேல ரெண்டு முடியத் தழைய விட்டேன், பாத்தா தெரியாது. ‘என்னம்மா ஃபேஷன்’ங்கறா இவ. பேசாம வான்னேன்.

“அப்ப இந்தக் கண்ணாடி நர்ஸு இல்ல. பயிற்சிக்கு வந்த பொண்ணு ஒண்ணு இருந்துச்சு. உன்னை மாதிரிதான், வாயத் தொறக்காது. பலகைய எறக்குச்சு, கொண்டை மேல நின்னுது. என்னைப் பாத்துச்சு. நான் எங்கயோ பாத்தேன். எழுதிடுச்சு. நூத்திப்பதினாறு புள்ளி ரெண்டு. சத்தமாப் படிக்கச் சொன்னேன். நாத்தனார் மொகத்த நீ பாத்திருக்கணும். அந்த ஒரு நிமிசம் இருக்கே, அடடா… பத்து வருசத்துக்குத் தாங்கும்னு நெனச்சேன். குரூப்புல நாப்பத்தோரு கட்டவிரல் வந்துச்சு.

“சத்தியமா எனக்குத் தோணல. ஆரம்பத்துல கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானேன்னுதான் நெனச்சேன். பரீட்சைல மொத மார்க்கு கூட இருந்தா நல்லதில்லையா, அந்த மாதிரி. இங்க ஆரம்பத்துல கூட இருந்தா, வளந்தது கொறையும்னு ஆறு மாசம் கழிச்சு டாக்டர் கழிச்சுக் காட்டுனப்பத்தான் புரிஞ்சுது. ரெண்டரை சென்டிமீட்டர் கொண்டைய எம் பொண்ணு வளந்து தாண்டணும். தாண்டி, அதுக்கு மேல அஞ்சு வளரணும். தாண்டிட்டா பாவம், தாண்டி நாலரைக்கு வந்துட்டா. ஏழு வளந்திருக்கா. இந்தக் கூடத்துல யாரும் வளராத ஏழு.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள டாக்டர், ‘ஒழுங்கா போடறீங்களா’ன்னுட்டாரு. எனக்கு ரோசம் வந்துடுச்சு. ரோசம் வந்ததும் காலண்டர எடுத்தேன், கொண்டை மறந்து போச்சு. இல்ல, மறக்கல. எதுக்கு உங்கிட்டப் பொய். அப்பறம் பேட்ச்சு, அப்பறம் லெட்டர். ரெண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்ட அப்பறம் எந்த மொகத்த வெச்சுக்கிட்டு…

“அதோட முடியல. ஒன்பதாம் மாசம் டாக்டர் என்னை வெளில போகச் சொல்லிட்டு இவகிட்டத் தனியாக் கேட்டிருக்காரு. அம்மாவுக்குத் தெரியாம மருந்தக் கீழ விட்டுடறியா கண்ணு, பயப்படாமச் சொல்லுன்னு. இவ ஒண்ணும் சொல்லல. அவரு ஃபைல்ல எழுதிட்டாரு, புள்ள ஒத்துழைக்கலையோன்னு சந்தேகம்னு. முன்னூத்தி அறுவத்தஞ்சு ஊசிக்கு ஒரு தடவ காலை இழுத்துக்கிட்டதில்ல அவ. வெளில வந்து எங்கிட்டக் கேக்கறா, ‘அம்மா, அந்தக் கொண்டையப் பத்தி டாக்டர்கிட்டச் சொல்லவா’ன்னு. வேணாம்னேன்.

“அதோட அவ அதப் பத்திப் பேசவே இல்ல.

“என்ன பாக்கற? சொல்லிடுங்கன்னுதானே? உனக்கென்ன, லேசா சொல்லிடுவ. சொன்னா நம்பணுமே. ஒரு வருசமா ஒவ்வொருத்தர் மேலயா பழி போட்டவ, கடைசி நாள்ல வந்து, கொண்டைன்னா நம்புவாங்களா? மருந்துக்காகக் கத விடறான்னுதான் நெனைப்பாங்க. நானே அந்த நர்ஸா இருந்தா நம்ப மாட்டேன். அதுவும் அவகிட்டப் போயி நான்…”

ரத்தம் எடுக்கும் அறைக் கதவு திறந்தது. சிறுமி முழங்கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு வந்தாள். நாற்காலிமேல் ஏறாமல் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். உட்கார்ந்திருந்த அம்மாவின் தலைக்கு நேராக இருந்தது அவள் தலை.

“ரெண்டு குப்பி,” என்றாள். “போன தடவ அஞ்சு.”

திரையை விலக்கிக்கொண்டு கண்ணாடி போட்ட நர்ஸ் வந்தாள். கையில் அட்டை, காதில் பேனா. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, நாலாம் நாற்காலியைப் பார்த்ததும் மூச்சை ஒருமுறை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டாள்.

“வாங்கம்மா. ஷூ, சாக்ஸ், கிளிப்பு.”

பெண்மணி எழுந்தாள். இரும்புக் கம்பியோடு எல்லா நாற்காலிகளும் ஆடின. இரண்டடி போனவள் நின்று, திரும்பி வந்து, இளம் தாயின் முன்னால் கையை நீட்டினாள்.

“தலைல குத்தியிருக்கற ஹேர்பின்ன எல்லாம் குடு. அப்பறம் தரேன்.”

இளம் தாய்க்கு ஒரு கைதான் ஓய்வாக இருந்தது. அந்தக் கையால் பின்னங்கழுத்தைத் தடவி ஒவ்வொன்றாக உருவிக் கொடுத்தாள். எட்டு வந்தது. சுருட்டிக் குத்தியிருந்த அவள் பின்னல் அவிழ்ந்து, தூங்கும் பையனின் முதுகில் விழுந்தது.

“எட்டு போதும். இறுக்கிக் குத்திக்கறேன்.”

திரை முழுவதும் மூடவில்லை. சிறுமி ஷூவைக் கழற்றினாள், சாக்ஸைக் கழற்றினாள். நர்ஸ் அட்டையில் தேதி எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, பெண்மணி மகளின் முடியை இரண்டு கையாலும் வாரி உச்சந்தலைக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள். அகலமான சின்னக் கழுத்து வெளியே தெரிந்தது.

“என்னம்மா பண்றீங்க? அவுக்கச் சொன்னா கட்டறீங்க?”

பெண்மணி வாயில் ஹேர்பின்களைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றொன்றாக எடுத்துக் குத்தி முடித்து, கொண்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, மகளைக் கட்டையில் நிறுத்தினாள்.

“குதிகாலை ஒட்டி நில்லுடி,” என்றாள். பிறகு நர்ஸைப் பார்த்து, “சிஸ்டர், மொத நாள் இப்படித்தான் அளந்தாங்க. நான்தான் கட்டிவிட்டேன். இப்படி ஒரு தடவ எழுதுங்க.”

நர்ஸ் அவளைப் பார்த்தாள். சிறுமியைப் பார்த்தாள். சிறுமி மோவாயைத் தூக்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் பலகையை இறக்கினாள். அது கொண்டைமேல் நின்றது. மூன்று தடவை இறக்கினாள். எழுதினாள்.

பெண்மணி எட்டு ஹேர்பின்களையும் எடுத்தாள். முடி விழுந்தது. நர்ஸ் அதை விரலால் வகிடு எடுத்து ஒதுக்கி, மறுபடியும் மூன்று தடவை பலகையை இறக்கி, இரண்டாவது எண்ணை முதல் எண்ணுக்குக் கீழே எழுதினாள். பெண்மணி அந்தத் தாளுக்குக் கையை நீட்டினாள். வாங்கிக்கொண்டு, ஃபைலையும் ஐஸ் பையையும் நாற்காலியருகிலேயே விட்டுவிட்டு, கூப்பிடுவதற்குக் காத்திராமல் டாக்டர் அறைக் கதவைத் தட்டினாள்.